கறுப்புப் புடவையும் பச்சைத் தலையும்

நடந்தது இதுதான்:

1. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அக்காவுக்கு வளைகாப்பு நடந்தது.
2. எங்கள் வழக்கப்படி அவள் கறுப்புப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள்.
3. கறுப்பு மட்டும் கூடாது என்று அவளுடைய மாமியார் முன்பே சொல்லியிருந்தார்.
4. அம்மா சரி என்று சொல்லியிருந்தாள்.
5. மாமியார் போட்டோக்களைக் கேட்டார்.
6. போட்டோவில் மட்டும் புடவையைப் பச்சையாக்கும் வேலை என்னிடம் வந்தது.
7. புடவை பச்சையாயிற்று. சம்பந்தி மாமாவின் தலையும் பச்சையாயிற்று.

இப்படி வரிசையாக எழுதினால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரிகிறது. ஐந்தாவது வரைக்கும் யாருடைய வீட்டிலும் நடக்கக்கூடியது. ஆறாவது, வீட்டில் ஒரு பெண் என் வேலையைப் பார்த்தால் நடக்கக்கூடியது. ஏழாவதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

அக்காவுடையது காதல் கல்யாணம். புகுந்த வீடு காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கே.கே. நகர். மாமனார், எங்களுக்குச் சம்பந்தி மாமா, தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு குடும்பங்களுக்கும் வழக்கங்கள் வேறு, சமையல் வேறு, பேச்சு வேறு. அதனால் ஒருவரையொருவர் மிகவும் மதித்தார்கள். அதாவது, எதையும் நேராகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அக்காவின் கணவரை, எங்கள் அத்திம்பேரை, கம்பெனி ஆறு மாதத்துக்குப் புனேவுக்கு அனுப்பியிருந்தது. அக்கா மாமியார், மாமனாரோடு இருந்தாள்.

முதல் பிரசவம் பிறந்த வீட்டில் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒரே வழக்கம். ஆனால் ஏழாம் மாதம் நெருங்க நெருங்க மாமியாருக்கு அதில் சந்தேகம் வந்துவிட்டது. "ஆஸ்பத்திரி இங்கேருந்து பொடிநடை தூரங்க. ஸ்ரீரங்கத்துலேருந்துன்னா காவிரிப் பாலம் தாண்டி வரணும். வலி எடுத்த நேரத்துல பாலத்துல வண்டி நின்னுருச்சுன்னா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். பாலத்தைப் பற்றி யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அங்கே வண்டி நிற்கத்தான் செய்கிறது.

அக்கா எனக்கு போன் செய்தாள். "அவா ஒண்ணும் கெட்டவா இல்லடி. நன்னாத்தான் பாத்துக்கறா. ஆனா இங்க மத்தியானம் படுத்துக்கணும்னா ஒரு காரணம் சொல்லணும். தலைவலின்னா கஷாயம் வரது. முதுகுவலின்னா தைலம் வரது. நம்மாத்துல ஒண்ணும் சொல்லாம படுத்துக்கலாம். அதுக்குத்தான் வரணும்ங்கறேன்." வைப்பதற்கு முன் சொன்னாள்: "அனுப்பாம இருக்க அவாளுக்கு ஒரே ஒரு காரணம் கிடைச்சாப் போறும். அதை மட்டும் குடுத்துடாதேங்கோ."

ஏற்பாடு இப்படி: முதலில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வளைகாப்பு. அன்று மாலை அக்கா கே.கே. நகர் திரும்பிவிடுவாள். பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீட்டு வளைகாப்பு. அது முடிந்ததும் அங்கிருந்தே அவளை நாங்கள் அழைத்து வர வேண்டும். நடுவில் இருந்த அந்த நாட்களை எந்தக் காரணமும் கொடுக்காமல் கடக்க வேண்டும். அவ்வளவுதான்.

மாமியாரே அம்மாவுக்கு போன் செய்து சொன்னார். "கறுப்பு மட்டும் வேண்டாங்க சம்பந்தியம்மா. எங்கள்ல நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாதேங்கோ" என்றாள் அம்மா.

போனை வைத்துவிட்டு என்னை அழைத்துக்கொண்டு சின்னக்கடைவீதிக்குப் போய்க் கறுப்புப் புடவை எடுத்தாள். கடைக்காரர் நல்ல மனிதர். "சுத்தக் கறுப்பேவா மாமி? பாட்டில் பச்சை ஒண்ணு வந்திருக்கு, கருநீலம் இருக்கு, பாருங்களேன்" என்று இரண்டையும் விரித்துப் போட்டார். அம்மா அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கறுப்புன்னா கறுப்பு" என்றாள். அரக்கு பார்டர் போட்ட கறுப்பு வீட்டுக்கு வந்தது.

"அவா வேண்டாம்னு சொன்னாளே" என்றேன்.

"மசக்கைக்குக் கறுப்பு கட்டாம வளைகாப்பா? குழந்தைக்கு ஒண்ணுன்னா அவாளா வந்து நிப்பா? சம்பந்தி மாமி முட்டி ஆபரேஷன் பண்ணிண்டு உக்காந்திருக்கா. நம்மாத்துக்கு ரெண்டு மாடி ஏறி வரப்போறதில்லே. வராதவாளுக்கு எப்படித் தெரியும்?"

மாமியார் வரவில்லை. மாமனார் வந்தார். அம்மா இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. வரிசைத் தட்டுகளோடு படியேறி வந்தவர், கூடத்தில் மணையில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பழத்தட்டை அக்காவின் முன்னால் வைத்தார். அந்த நொடியை நான் படம் எடுத்தேன். அதை எடுக்காமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

வளையல் அடுக்கி முடித்ததும் அம்மா கூடத்தின் நடுவில் நின்று பொதுவாக அறிவித்தாள். "யாரும் ஸ்டேட்டஸ் வைக்காதேங்கோ. கண்ணு பட்டுடும்." மாமிகள் போனைக் கைப்பைக்குள் வைத்தார்கள். அக்கா காட்டன் புடவைக்கு மாறி மாமனாரோடு கிளம்பினாள். வீட்டுக்குப் போனதும் மாமியார் என்ன புடவை என்று கேட்டிருக்கிறார். "பட்டுப்புடவை" என்று மாமனார் பதில் சொல்லியிருக்கிறார்.

மறுநாளே போன் வந்தது. "போட்டோ அனுப்புங்க சம்பந்தியம்மா, என் தங்கச்சிங்க எல்லாம் கேக்குறாங்க." அம்மா போனை வைத்துவிட்டு என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் துணி விற்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்து படங்களைச் சரிபார்க்கிறேன். துணியில் ஒரு துண்டு கூரியரில் வரும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, படத்தில் தெரியும் நிறமும் துணியின் நிறமும் ஒன்றுதானா என்று பார்ப்பேன். வேறாக இருந்தால் படத்தைத் துணிக்குப் பொருந்தத் திருத்துவேன். 'படத்தில் ஒரு நிறம், கைக்கு வந்தது வேறு நிறம்' என்று யாரும் பார்சலைத் திருப்பி அனுப்பக் கூடாது. சுருக்கமாகச் சொன்னால், படம் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்ள எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

"நீ தெனமும் கலர் மாத்தறதுதானே இது?" என்றாள் அம்மா.

"மாத்தறதில்லேம்மா. சரி பண்றது."

"அதையேதான் நானும் சொல்றேன். இதையும் சரி பண்ணு."

என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன். அம்மா கடையில் உட்கார்ந்திருப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மாம்பழ மஞ்சள் காட்டு." காட்டினேன். "ஐய, அவளுக்கு எடுப்பா இல்லே. அரக்கு?" பார்டரும் அரக்கு என்பதால் பார்டரே காணாமல் போயிற்று. மயில் கழுத்து நிறம் போட்டுப் பார்த்தோம், அம்மாவுக்கு அது வயதானவர்கள் கட்டுவதாகத் தோன்றியது. கடைசியில் பச்சை. "ரொம்ப அடிக்கற பச்சை வேண்டாம். பாட்டில் பச்சை. அன்னிக்குக் கடையில விரிச்சானே, அது நன்னாத்தான் இருந்தது" என்றாள். விலையை மட்டும்தான் கேட்கவில்லை.

கறுப்பை இன்னொரு நிறமாக்குவது சுலபமில்லை. சிவப்பைப் பச்சையாக்க ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் போதும். ஒரு நிறம் இருக்கும் இடத்தில் இன்னொன்றை உட்கார வைப்பதுதான் அது. கறுப்பிலோ மாற்றுவதற்கு நிறமே இல்லை. முதலில் அதை வெளிற வைக்க வேண்டும். பிறகு அந்த வெளிறலின் மேல் பச்சையை ஏற்ற வேண்டும். அதற்கும் முன்னால், எது புடவை என்று மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். அதற்குச் சொட்டுக்குழாய் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. படத்தில் ஓரிடத்தில் அதனால் தொட்டால், அந்த நிறம் எங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனையையும் பிடித்துக்கொள்ளும். அதற்குப் புடவை, மனுஷி, சுவர் என்ற பேதமெல்லாம் தெரியாது. நிறம் மட்டும்தான் தெரியும்.

அக்காவின் தோளில் தொட்டேன். அது பிடித்துக்கொண்டவை: புடவை, அக்காவின் கருவிழிகள், கண் மை, கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டு, டி.வி., ஒரு மாமியின் கைப்பை. ஒரே சொடுக்கில் அத்தனையும் பச்சையாயின. அமங்களம் என்று ஒரு வீட்டில் விலக்கிய நிறம், எல்லா வீட்டிலும் மங்களம் என்று வைத்துக்கொள்ளும் இடங்களிலெல்லாம் இருந்தது.

"என்னடி இது, பூனைக்கண்ணு மாதிரி!" என்று அம்மா அலறினாள். "கண்ணை விட்டுடு."

கண்ணை விட்டேன். பொட்டை விட்டேன். டி.வி.யையும் கைப்பையையும் விட்டேன். அதன்பிறகும் அங்கங்கே பச்சை மிச்சம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். தலைகள்.

எங்கள் கூடத்தில் பகலில் நல்ல வெயில் விழும். வெயிலில் தலைமுடி கறுப்பாக இருப்பதில்லை, அடர் பழுப்பாகத்தான் இருக்கும். அதனால் பெரும்பாலோர் தலையை மென்பொருள் கண்டுகொள்ளவில்லை. சில தலைகளை மட்டும், பட்டுப்புடவையும் அவையும் ஒரே சாயத் தொட்டியிலிருந்து வந்தவைபோல், விடாமல் பிடித்துக்கொண்டது. அவை யாருடைய தலைகள் என்று பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எந்த மாமியைப் பற்றியும் நான் யாரிடமும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவற்றில் சம்பந்தி மாமாவின் தலையும் ஒன்று.

இது சாதாரண விஷயமில்லை. கல்யாணப் பேச்சு நடந்தபோது மாமியார் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, "எங்க வீட்டுக்காரரைப் பாருங்க, இந்த வயசுலயும் ஒரு நரை கிடையாது. அவங்க பரம்பரையே அப்படி" என்று சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்குச் சொல்லப்பட்ட சிறப்புகளில் படிப்புக்கு அடுத்து அது இரண்டாவது. அம்மா அப்போது அப்பாவின் தலையை ஒரு தடவை பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒவ்வொரு படத்திலும் தலைகளைத் தனியாகப் பிரித்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தேன். அம்மா பார்த்தாள், ஒப்புக்கொண்டாள், அனுப்பினாள். ஒரே ஒரு படம் தப்பிவிட்டது. மாமா குனிந்து பழத்தட்டு வைக்கும் படம். அவருடைய உச்சந்தலை, உட்கார்ந்திருந்த அக்காவின் மடிக்கு நேராக, புடவையோடு புடவையாக இருந்தது. பச்சைக்குள் இருந்த பச்சையை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

முதலில் வந்தது பாராட்டு. "புடவை ரொம்ப நல்லா இருக்குங்க. எங்க எடுத்தீங்க? தங்கச்சிங்க குரூப்ல போட்டிருக்கேன்" என்று குரல் செய்தி. அம்மா அதை மூன்று நான்கு முறை போட்டுக் கேட்டாள். அடுத்த நாள் காலை போன். "சின்னப் பொண்ணையும் கூட்டிட்டு ஒரு நடை வந்துட்டுப் போங்க. ஒரு சந்தேகம்."

எதற்கும் இருக்கட்டும் என்று லேப்டாப் பையையும் எடுத்துக்கொண்டேன். ஆட்டோவில் போகும்போது அம்மா என்னிடம் காரணங்களை ஒத்திகை பார்த்தாள். கேமரா பழசு. போன் திரை சரியில்லை. எதுவும் எடுபடாவிட்டால் வெயில். பாலத்தில் அன்று கூட்டமே இல்லை. வந்த வேகத்தில் கே.கே. நகர் வந்துவிட்டோம்.

மாமியார் ஆபரேஷன் ஆன காலை ஸ்டூலில் நீட்டி, மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார். மாமனார் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறை வாசலில் நின்றாள்.

"வாங்க வாங்க. பாலத்துல கூட்டமா?"

"கூட்டமே இல்லே. பறந்து வந்துட்டோம்" என்றாள் அம்மா.

"அப்படியா? எப்பவும் இருக்குமே" என்றவர் டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். "ஏம்மா, நீதானே எடுத்தது? இவரு தலை ஏன் இப்படி இருக்கு?"

விரலால் பெரிதாக்கி வைத்திருந்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லாத பாட்டில் பச்சை.

"என் தங்கச்சி கேக்குறா, மாமா தலையில பாசி புடிச்சிருச்சாக்கான்னு. அவ வீட்டுக்காரரு கைகொட்டிச் சிரிக்கிற பொம்மையை நாலு போட்டிருக்காரு."

பேப்பர் கொஞ்சம் மேலே ஏறி மாமாவின் முகத்தை மறைத்தது.

"அது... புடவை வெளிச்சம் பட்டு எதிரொளிச்சிருக்கும் அத்தை" என்றேன்.

"அப்படியா? உங்கம்மாவும் பக்கத்துலதானே நிக்கிறாங்க. அவங்க தலை நல்லாத்தானே இருக்கு?"

இங்கே அம்மா பேசாமல் இருந்திருக்கலாம். "நான் தலைக்கு ஒண்ணும் போடறதில்லே. வெறும் தேங்காண்ணெய்தான்" என்றாள்.

"போடறதுன்னா? என்ன போடறது?"

அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இனி சுற்றிப் பேசுவதில் பயனில்லை என்று முடிவு செய்து, அலுவலகத்தில் விளக்குவதுபோல் விளக்கினேன்.

"கம்ப்யூட்டர்ல ஒரு நிறத்தைத் தொட்டா, அதே மாதிரி இருக்கற எல்லாத்தையும் சேர்த்து மாத்திடும் அத்தை. மாமா தலை அதே மாதிரி இருந்ததுனால அதையும் மாத்திடுத்து."

"எது மாதிரி இருந்துச்சு?"

"புடவை மாதிரி."

"புடவை பச்சையில்ல இருக்கு?"

மாமியார் படத்தைச் சிறிதாக்கினார், பெரிதாக்கினார். "அப்ப அது என்ன கலரு?"

"கறுப்பு" என்றது பேப்பர்.

"நீங்க அங்கதானே இருந்தீங்க! என்ன புடவைன்னு கேட்டேனே?"

"பட்டுப்புடவைன்னு சொன்னேனே."

"கலரு?"

"அதை நீ கேக்கலையே."

மாமியார் அம்மா பக்கம் திரும்பினார். "நான் அவ்வளவு சொல்லியும் இப்படிப் பண்ணியிருக்கீங்களே சம்பந்தியம்மா."

"எங்காத்துல மசக்கைக்குக் கறுப்புதான் வழக்கம். கண்ணு படாம இருக்கறதுக்கு."

"எங்க வீட்ல கறுப்பு ஆகாது. அதுவும் கண்ணு படாம இருக்கத்தான்."

இரண்டு பேரும் ஒரே கண்ணைத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"இப்படி ஒளிச்சு மறைச்சுப் பண்றவங்ககிட்ட எப்படிங்க புள்ளத்தாச்சியை அனுப்புறது? நாளைக்கு அங்க என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் யோசிக்கணும்" என்றார் மாமியார்.

அதுதான் அந்த ஒரு காரணம். அக்காவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. கை மட்டும் வயிற்றின் மேல் போயிற்று.

அப்போது டேப்லெட் மணியடித்தது. தங்கைதான். மாமியார் வாசித்தார்: "'பதில் சொல்லுக்கா. என்ன எண்ணெய் போடறாரு மாமா?' பாத்தீங்களா? இப்ப இவளுக்கு நான் என்ன சொல்றது? கம்ப்யூட்டர்ல மாத்துனதுன்னு சொன்னா, ஏன் மாத்துனாங்கன்னு கேப்பா. புடவை கறுப்பு, அதனாலன்னு சொல்லணும். சரி, சொல்லிடலாம், தப்பு உங்களுதுதானே. அப்ப எல்லார் தலையும் ஒழுங்கா இருக்க, இவரு தலை மட்டும் ஏன்னு கேப்பா. அதுக்கு..."

அதோடு நின்றுவிட்டார். இது நடந்தால் அது, அது நடந்தால் இது என்று மற்றவர்கள் காகிதத்தில் கோடு போட்டுப் பார்ப்பதை அவர் வாயாலேயே போட்டு முடித்திருந்தார். எல்லாக் கோடுகளும் மாமாவின் தலையில் வந்து முடிந்தன. பேப்பர் பக்கம் புரளவே இல்லை.

அக்கா மெதுவாக வந்து மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, இவ லேப்டாப் கொண்டுவந்திருக்கா. மாமா தலையை இப்பவே சரி பண்ணிடுவா. அது அரைகுறையா அனுப்பின காப்பி, இதுதான் நல்ல காப்பின்னு நீங்க குரூப்ல போட்டுடுங்க." மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை இங்க விசேஷம் முடிஞ்சதும் நான் அம்மாவோட கிளம்பலாங்களா அத்தை?"

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாப் பேசக் கத்துக்கிட்டே."

"இங்க வந்துதாங்க அத்தை."

சிரிப்பு முதலில் பேப்பருக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. மாமியார் அந்தப் பக்கம் முறைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "தலையைச் சரி பண்ணு. புடவை பச்சையாவே இருக்கட்டும்."

"அப்போ அந்தக் கறுப்பைப் பத்தி..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"எந்தக் கறுப்பு?" என்றார் மாமியார்.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன். அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்தோம். என் வாடிக்கையாளர்கள் யாருக்கும் இவ்வளவு கூர்மையான கண் இல்லை. "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் கறுப்பு. ம், அதேதான். ஒரேயடியாக் கறுப்பு வேண்டாம். காதோரத்துல ரெண்டு நரை வெச்சுவிடு. அப்பத்தான் நம்புவாங்க."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார் மாமா.

"நீங்க பேப்பரைப் படிங்க."

நரை வைத்தேன். குரூப்பில் போட்டார். தங்கை உடனே எழுதினாள்: மாமா தலை சரியாகிவிட்டது, சந்தோஷம். அந்தப் பச்சையை நேரில் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அதையே கட்டச் சொல். மாமியார் இதை உரக்க வாசித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். படத்தில் நான் எதை வேண்டுமானாலும் மாற்றுவேன். கறுப்புப் பட்டைப் பச்சையாக்கும் சாயம் எந்தத் தெருவிலும் இல்லை.

அங்கிருந்து நேராகச் சின்னக்கடைவீதி. கடைக்காரர் எங்களை மறக்கவில்லை. "அன்னிக்கே விரிச்சுப் போட்டேனே மாமி" என்று அதே பாட்டில் பச்சையை எடுத்தார். அம்மா இந்தத் தடவை தொட்டுப் பார்த்தாள். அதற்கும் அரக்கு பார்டர்தான். ஆனால் நான் லேப்டாப்பில் செய்த பச்சை அது இல்லை. என்னுடையது வெளிறிய கறுப்பின் மேல் ஏற்றிய பச்சை, மடிப்புகளில் சாம்பல் தட்டும். இது பட்டின் பச்சை, மடிப்புகளில் நீலம் தட்டும். ஒரு வித்தியாசமும் இல்லை என்றார்கள் அம்மாவும் கடைக்காரரும். அதைப் பார்க்கவே சம்பளம் வாங்குகிற எனக்கு, வித்தியாசம் இருக்கிறது என்று தெரியும்.

வீட்டுக்கு வந்து புதுப்புடவையை ஜன்னல் ஓரத்தில் விரித்து, எல்லாப் படங்களையும் மறுபடி திறந்து, புடவையின் நிறத்துக்கு ஒவ்வொன்றையும் பொருத்தினேன். இது என் தொழில். படத்துக்கும் துணிக்கும் இப்போது கடுகளவு வேறுபாடு கிடையாது. யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அந்தப் புடவையை அக்கா அன்றைக்குக் கட்டியிருக்கவில்லை என்பதைத் தவிர, படங்களில் பிழையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகரில் அக்கா பாட்டில் பச்சையில் உட்கார்ந்தாள். தங்கை முந்தானையைக் கையில் எடுத்துப் போனோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "போட்டோல பாத்த அதே பச்சைக்கா!"

"பின்னே? போட்டோ பொய் சொல்லுமா?" என்றார் மாமியார்.

வளையல் அடுக்கி முடிந்ததும், கண் படக் கூடாது என்று மாமியாரே மை டப்பாவை வரவழைத்து அக்காவின் கன்னத்தில் பொட்டு வைத்தார். பெரிய பொட்டு. நல்ல கறுப்பு. அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் கேமராவைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். மாமியார் சந்தனக் கையோடு அம்மாவிடம், "பாலத்துல கூட்டம் சேர்றதுக்குள்ள கிளம்புங்க. வலி எடுத்தா முதல் போன் எனக்குத்தான் வரணும்" என்றார். பாலத்தில் வண்டி நின்றுதான் போயிற்று. அக்கா அதற்குள் தூங்கியிருந்தாள்.

இப்போதைய நிலவரம்: அக்கா எங்கள் வீட்டில் இருக்கிறாள். மத்தியானம் யாரிடமும் எதுவும் சொல்லாமல் படுத்துக்கொள்கிறாள். குழந்தை அடுத்த மாதம். கறுப்புப் புடவை பீரோவில் மேல் தட்டிலும் பச்சைப் புடவை அதற்குக் கீழ்த் தட்டிலும் இருக்கின்றன. சம்பந்தி மாமா இப்போது அடர் பழுப்புச் சாயம் போட்டுக்கொள்கிறார். ஆல்பம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. எந்தப் படத்தைப் போடுவது, கறுப்பா பச்சையா என்று இரண்டு வீட்டிலும் யாரும் இதுவரை சொல்லவில்லை.